தைரொயிட் என்று சந்தேகம், டொக்டர் கேட்கிறார் இல்லை: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் எந்த வழியால் போவது?

ஆடி மாதம். கச்சான் காற்று நெருப்பாய் அடிக்கிற நேரம். வீட்டில் எல்லாரும் விறாந்தையில் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள், நான் மட்டும் அறைக்குள் போர்வையோடு கிடப்பேன். "உனக்கு மட்டும் எங்க மனே மழை பெய்யுது?" என்று அம்மா கேட்பா. இரண்டாவது பிள்ளை பிறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. தலைமயிர் கொத்துக் கொத்தாய்க் கழன்றது. குரல் கரகரத்துப் போனது. மூன்று நாளைக்கு ஒருதரம்தான் மலம் போகும். சாப்பாட்டைக் குறைத்தும் உடம்பு பெருத்தது. வகுப்பில் நிற்கும்போது, இரண்டு வருடமாய்ப் படிப்பிக்கிற பிள்ளையின் பெயர் வாயில் வராது.

அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு, அதாவது ஓ.பி.டி.க்கு, மூன்று தரம் போனேன். மூன்று தரமும் வேறு வேறு டொக்டர்மார். முதலாமவர் "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்று இரும்புச்சத்துக் குளிசை எழுதினார். இரண்டாமவர் "கனக்க யோசிக்காதீங்க, நல்லா நித்திரை கொள்ளுங்க" என்றார். மூன்றாமவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. வயிற்றுக்கு மருந்து தந்தார். இடையில் மாமி நாவூறு என்று நினைத்து ஓதித் தண்ணீர் தெளிப்பித்தா. கடைசியில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் தைரொயிட்டுக்கான டீ.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனை பார்த்தபோது 46 என்று வந்தது. வழக்கமாய் அது 4க்குள் இருக்க வேண்டும். முதல் தரம் ஓ.பி.டி. வரிசையில் நின்ற நாளிலிருந்து அந்தத் தாள் கைக்கு வர 14 மாதம்.

அதற்குப் பிறகு சொந்தத்திலும் பள்ளிக்கூடத்திலும் ஆட்கள் வந்து கேட்கத் தொடங்கினார்கள். "எனக்கும் அப்படித்தான் இருக்கு, எங்க போறது?" என்று. அவர்களுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் ஆசிரியை, மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் இந்த நோயோடு எட்டு வருடமாய் இருக்கிறேன், நான் போகாத வழி குறைவு.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அந்த 14 மாதமும் என்னை நம்புகிற ஒரு டொக்டரைத் தேடி அலைந்தேன். அதற்கு முன்னால் நான் தேடியிருக்க வேண்டியது ஒரே ஒரு இலக்கத்தை. அந்த இலக்கம் கையில் இருந்தால் யாரும் என்னை நம்ப வேண்டிய தேவையே வராது. அதனால் எந்த வழியை எடுத்தாலும், அது அந்தப் பரிசோதனைக்கு எவ்வளவு சீக்கிரம் கொண்டு போகிறது, பிறகு ஆயுள் முழுக்கத் தொடரக்கூடிய வைத்தியத்துக்கு எவ்வளவு மலிவாய்க் கொண்டு போகிறது என்ற இரண்டையும் வைத்துத்தான் நான் எடை போடுகிறேன்.

டொக்டர்மார் ஏன் தட்டிக்கழிக்கிறார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். களைப்பு, உடம்பு பெருத்தல், மயிர் கொட்டுதல், மனம் சோர்ந்து கிடத்தல்: இவை இரத்தம் குறைந்தாலும் வரும், சீனி வருத்தத்திலும் வரும், நித்திரை இல்லாவிட்டாலும் வரும், மாதவிடாய் நிற்கப்போகிற வயதிலும் வரும். காலையில் வாசல் வரைக்கும் வரிசை நிற்கிற ஓ.பி.டி.யில் ஒருவருக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம். அந்த நேரத்துக்குள் இவற்றைப் பிரித்தறிவது கஷ்டம்தான், நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பிரித்தறிய ஒரு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதை எழுதாமலே "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்புவது பிழை. தைரொயிட் பிரச்சினை ஆண்களை விடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். பெண்கள் சொல்வதைத்தான் "யோசனை" என்று தள்ளுவதும் அதிகம். இரண்டும் சேரும்போது வருடக்கணக்கில் ஒரு உடம்பு வீணாய்ப் போகிறது.

"உப்பில்தான் அயடின் போடுகிறார்களே, பிறகு எப்படி வரும்?" என்று என்னையும் கேட்டிருக்கிறார்கள். இலங்கையில் உப்புக்கு அயடின் சேர்ப்பது 1995இல் கட்டாயமானது. அயடின் குறைவால் வரும் கழுத்துக் கழலையைத்தான் அது தடுக்கும். எனக்கு வந்தது போன்றதில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட் சுரப்பியைத் தாக்கி அழிக்கிறது. எவ்வளவு அயடின் உப்புச் சாப்பிட்டாலும் அது நிற்காது.

டீ.எஸ்.எச். என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் வயலை வைத்துத்தான் விளங்கப்படுத்துவேன். தண்ணீர் வராத வயல் வட்டையிலிருந்து, தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையிடம் ஆளுக்கு மேல் ஆள் போவார்கள் அல்லவா? அதுபோல, கழுத்திலுள்ள தைரொயிட் சோர்ந்தால் மூளைக்குக் கீழுள்ள ஒரு சிறு சுரப்பி "வேலை செய், வேலை செய்" என்று ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்கள்தான் டீ.எஸ்.எச். தைரொயிட் சோர, டீ.எஸ்.எச். ஏறும். தைரொயிட் தாறுமாறாய் வேலை செய்தால் டீ.எஸ்.எச். அடியோடு இறங்கும். தைரொயிட் உண்மையில் எவ்வளவு தண்ணீர் விடுகிறது என்பதைக் காட்டுவது ஃப்ரீ டீ4. முதல் தரம் பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டும் போதும்.

அதே ஓ.பி.டி.க்குத் திரும்பப் போவது

காசு இல்லாத வழி இது. பஸ் காசும் ஒரு நாள் லீவும்தான். ஒருதரம் மனம் நொந்தவர்கள் இதைத்தான் முதலில் கைவிடுவார்கள். நான் கைவிடச் சொல்லமாட்டேன். சொல்லும் விதத்தை மாற்றச் சொல்வேன்.

நான் விட்ட பிழையைக் கேளுங்கள். மூன்று தரமும் "களைப்பாய் இருக்கு டொக்டர்" என்றுதான் தொடங்கினேன். எங்கள் பக்கம் களைப்பு என்றால் மூச்சு வாங்குவதையும் சொல்வோம், உடம்பு சோர்வதையும் சொல்வோம். ஒரு டொக்டர் அதனால்தான் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு "சுவாசம் நல்லா இருக்கு" என்றார் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. சிங்களம் மட்டும் தெரிந்த டொக்டர் என்றால், பக்கத்தில் நிற்கும் யாரோ மொழிபெயர்க்க, பத்து வசனம் ஒரு சொல்லாய்ச் சுருங்கிவிடும்.

அதனால் ஒரு அரைத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "இயலாமல் கிடக்கு" என்று எழுதுவதை விட, "போன வருடம் கிணற்றில் பத்து வாளி அள்ளினேன், இப்போது இரண்டு வாளியிலேயே உட்கார வேண்டியிருக்கிறது" என்று எழுதுங்கள். எப்போது தொடங்கியது, நிறை எந்த மாதத்தில் எவ்வளவு, மாதவிடாய் எத்தனை நாள் போகிறது, மற்றவர்களுக்கு வியர்க்கும்போது உங்களுக்குக் குளிர்கிறதா, தாய்க்கோ சகோதரிக்கோ தைரொயிட் இருக்கிறதா. பிறகு ஒரு கேள்வி: "டொக்டர், தைரொயிட்டுக்கு டீ.எஸ்.எச். எழுதித் தருவீங்களா, இல்லாட்டி மெடிக்கல் கிளினிக்குக் கடிதம் தருவீங்களா?" ஆம் அல்லது இல்லை என்று பதில் வர வேண்டிய கேள்வி அது. "எனக்கு என்ன வருத்தம் டொக்டர்?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்று முடித்துவிடலாம். இதற்கு அப்படி முடிக்க முடியாது.

பரிசோதனை எழுத மறுத்தால் "மறுத்ததைக் கொப்பியில் எழுதித் தாருங்கள்" என்று கேட்கச் சொல்லிச் சிலர் புத்தி சொல்வார்கள். எங்கள் ஊரில் அது சண்டைக்கு நிற்பது போல் ஆகிவிடும். அடுத்த தரமும் அதே வாசலுக்குத்தானே போக வேண்டும். நான் சொல்லமாட்டேன். அதை விட வேறு வாசலுக்குப் போவது நல்லது. இலங்கையில் இந்த ஊர்க்காரர் இந்த ஓ.பி.டி.க்குத்தான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஆதார வைத்தியசாலைகள் என்று பார்த்தால் களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, ஏறாவூர், காத்தான்குடி. அம்பாறை மாவட்டத்தில் கல்முனை வடக்கு, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், அம்பாறை நகரில் பொது வைத்தியசாலை. கிளினிக்குக்குத்தான் கடிதம் வேண்டும், ஓ.பி.டி.க்கு வேண்டாம்.

இந்த வழியின் குறை, டீ.எஸ்.எச். போன்ற ஹோர்மோன் பரிசோதனை எல்லா அரச வைத்தியசாலையிலும் செய்வதில்லை. செய்யும் இடத்திலும் சில நேரம் அதற்கான இரசாயனம் முடிந்திருக்கும். "வெளியில செய்து கொண்டு வாங்க" என்று துண்டு தருவார்கள். அப்படி வந்தால் கோபப்படாதீர்கள். டொக்டர் எழுதிவிட்டார் என்பதே பெரிய விஷயம். அந்த ரிப்போர்ட்டை அவரே பார்ப்பார்.

முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கு இன்னொரு அமைதியான வாசல் உண்டு. சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) அலுவலகங்களில் நடக்கும் வெல் வுமன் கிளினிக். அங்கே பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை எல்லாம் பார்ப்பார்கள். கழுத்தையும் காட்டிக் கேட்கலாம். கூட்டம் குறைவு, பேச நேரம் கிடைக்கும். உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடம் நாள் கேளுங்கள்.

நேரே ஆய்வுகூடத்துக்குப் போவது

எனக்கு வழி திறந்தது இங்கேதான். தனியார் ஆய்வுகூடத்தில் பெரும்பாலும் டொக்டரின் துண்டு இல்லாமலே இரத்தம் எடுப்பார்கள். காசு போகும். ஆனால் ஒன்றுக்கும் உதவாத மூன்று பயணத்தின் பஸ் காசு, மூன்று நாள் லீவு, கண்ட கண்ட விற்றமின் குளிசை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் எனக்கு இது மலிவாய்த்தான் முடிந்தது. நாட்கூலிக்குப் போகிறவர்களுக்கு, வயல் வேலை நடக்கிற காலத்தில், ஒரு நாள் என்பது பெரிய காசு.

போகும்போது ஏமாறாமல் இருக்கச் சில விஷயம். "தைரொயிட் பக்கேஜ்" என்று ஐந்தாறு பரிசோதனையை ஒன்றாய்ச் சொல்வார்கள். முதல் தரத்துக்கு டீ.எஸ்.எச்., ஃப்ரீ டீ4 இரண்டையும் மட்டும் கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால் டீ.எஸ்.எச். ஒன்று. எதிர்ப்பொருள் பரிசோதனை, ஸ்கான் எல்லாம் டொக்டர் கேட்டால் பிறகு பார்க்கலாம். கழுத்தில் கட்டி இல்லாவிட்டால் தைரொயிட் சோர்வுக்கு ஸ்கான் தேவைப்படுவதே குறைவு. பட்டினி இருக்க வேண்டியதில்லை. ஆனால் டீ.எஸ்.எச். நாளுக்குள் ஏறி இறங்கும் என்பதால் எப்போதும் காலையில், ஒரே ஆய்வுகூடத்தில் கொடுப்பது நல்லது. மயிர் கொட்டுகிறதென்று பயோட்டின் குளிசை போடுகிறவர்கள் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே நிறுத்துங்கள். அது ரிப்போர்ட்டைப் பிழையாய்க் காட்டும். டெங்குவோ கடும் காய்ச்சலோ வந்து படுத்திருந்தால் சில வாரம் போகட்டும். நோயில் கிடக்கும் உடம்பின் டீ.எஸ்.எச்.சை நம்ப முடியாது.

இந்த வழியில் பயப்பட வேண்டிய இடமும் ஒன்று உண்டு. அக்கரைப்பற்றில் இருக்கும் பெரியம்மாவின் மகள், அக்கா முறை. என்னைப் பார்த்து அவவும் இரத்தம் கொடுத்தா. 5.8 வந்தது. யாரிடமும் காட்டவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. தெரிந்த பாமசியில், தைரொயிட் சோர்வுக்குத் தருகிற தைரொக்சின் குளிசை 100 மைக்ரோகிராம் வாங்கி விழுங்கத் தொடங்கிவிட்டா. மூன்றாவது வாரம் நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, இரவில் நித்திரை இல்லாமல் வைத்தியசாலையில் விட்டார்கள். அவவுக்கு அந்த அளவு தேவையே இல்லை. 5.8 என்பது இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டிய இலக்கம். தானாகவே இறங்கிவிடுவதும் உண்டு. வயது போனவர்களிலும் இருதய வருத்தம் உள்ளவர்களிலும் தேவையில்லாத தைரொக்சின் இருதயத் துடிப்பையே குழப்பிவிடும், எலும்பையும் தேய்க்கும். ஆய்வுகூடம் கேள்விக்கு வழி காட்டும், மருந்து எழுத அதனால் முடியாது.

குடும்ப டொக்டர்

ஊருக்குள் டிஸ்பென்சரி வைத்திருக்கும் டொக்டரை நாங்கள் காய்ச்சலுக்கும் தடிமனுக்கும் மட்டும்தான் நினைக்கிறோம். என் கணிப்பில் நாங்கள் குறைத்து மதிக்கிற வழி இதுதான். உங்கள் அம்மாவுக்கு என்ன வருத்தம் என்று அவருக்குத் தெரியும், போன வருடம் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்றும் தெரியும். முகம் வீங்கியிருப்பதை முதலாம் பார்வையிலேயே கண்டுகொள்ள, வீங்காத முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? பரிசோதனையும் எழுதுவார், கிளினிக்குக் கடிதமும் தருவார். போகிற நேரமெல்லாம் ஒரு ஊசியும் விற்றமினும் என்று அனுப்புகிறவர் என்றால் மட்டும் அங்கே காலத்தைப் போக்க வேண்டாம்.

சனல் பண்ணுவது

காலையில் அரச கிளினிக்கில் இருக்கும் அதே வைத்திய நிபுணர் பின்னேரம் தனியார் வைத்தியசாலையில் இருப்பார். காசு கட்டினால் உட்கார்ந்து பேசலாம், அதைத்தான் சனல் என்கிறோம். இங்கே இரண்டு விஷயத்தில் ஆட்கள் காசை வீணாக்குகிறார்கள்.

ஒன்று, ரிப்போர்ட் இல்லாமல் போவது. போனால் முதல் நாள் "இரத்தம் பார்த்துக்கொண்டு வாங்க" என்பார். இரண்டாம் நாள் ரிப்போர்ட் காட்டத் திரும்பச் சனல் காசு. முதலிலேயே டீ.எஸ்.எச். கையில் இருந்தால் ஒரு தரத்தில் முடியும்.

மற்றது, ஹோர்மோன் நிபுணரையே பார்க்க வேண்டும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பது. சாதாரண தைரொயிட் சோர்வுக்குப் பொது வைத்திய நிபுணர் தாராளமாய்ப் போதும். அளவு பார்த்துத் தைரொக்சின் தொடங்கி, ஆறு எட்டு வாரத்தில் திரும்ப டீ.எஸ்.எச். பார்த்து, கூட்டிக் குறைப்பதுதான் வேலை. அதை அவர்கள் நாளாந்தம் செய்கிறார்கள். ஹோர்மோன் நிபுணர் தேவைப்படுவது தைரொயிட் தாறுமாறாய் வேலை செய்யும்போது, கர்ப்பத்தில் அளவு பிடிபடாதபோது, இலக்கங்கள் ஒன்றோடொன்று ஒத்துவராதபோது. கழுத்தில் கட்டி என்றால் சத்திரசிகிச்சை நிபுணர்.

சனல் பண்ணினால் எழும்புவதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: "டொக்டர், உங்கட கிளினிக்குக் கடிதம் தருவீங்களா?" பெரும்பாலும் தருவார்கள். பிறகு மாதாந்தக் கிளினிக்கில் கொப்பி போட்டு, மருந்தும் இலவசமாய் எடுக்கலாம். இந்த வருத்தத்துக்கு மருந்து பெரும்பாலும் ஆயுள் முழுக்க. எவ்வளவு நல்ல டொக்டர் என்றாலும் ஆயுள் முழுக்கச் சனல் பண்ண எங்களால் முடியாது. மருந்துத் தட்டுப்பாட்டு நாட்களில் கிளினிக்கிலும் வெளியே வாங்கச் சொன்னார்கள், அது உண்மை. அப்படியிருந்தும் கொப்பியை நான் விடவில்லை.

கொழும்புக்கோ கண்டிக்கோ போவது

வீட்டில் ஆண்கள் முதலில் சொல்வது இதைத்தான். என் கணவரும் "கொழும்புக்கே போவம்" என்று உதயதேவி ரயிலில் இடம் எடுத்தார். இரண்டு நாள், தங்கிய செலவு, இரண்டு பிள்ளைகளையும் அம்மாவிடம் விட்டது. கடைசியில் கிடைத்தது, மட்டக்களப்பில் எழுதியிருக்கக்கூடிய அதே குளிசை. கதிரியக்க அயடின் சிகிச்சை தேவை என்று சொன்னவர்களுக்குப் பேராதனையோ மகரகமவோ போக வேண்டி வரும். கட்டியில் சந்தேகம் என்று பெரிய இடத்துக்கு அனுப்பினாலும் போங்கள், தயங்காதீர்கள். "இங்கே யாரும் கேட்கவில்லை" என்ற கோபத்துக்கு மட்டும் போவதானால், முதலில் உள்ளூரில் அந்த இரத்தத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பரிகாரியார், கடல்பாசி, கைமருந்து

பரிகாரியார்மீது எனக்கு மரியாதை உண்டு. என் பிள்ளையின் சுளுக்கை எடுத்தவர் அவர்தான். ஆனால் டீ.எஸ்.எச். 46இல் நின்ற என் சுரப்பியை எந்தக் கஷாயமும் எழுப்பியிருக்காது. அது சுரக்காததை வெளியிலிருந்து கொடுக்கத்தான் வேண்டும். கடல்பாசிக் குளிசை, அயடின் துளி என்று விற்பவை இன்னும் ஆபத்து. தேவைக்கு மேல் அயடின் போனால் சுரப்பி மேலும் கெடலாம். மரவள்ளியும் கோவாவும் தின்னக் கூடாது என்று பயப்படுத்துவார்கள். அயடின் உப்புப் போட்டு அவித்துச் சாப்பிடுகிற வீட்டில் அதற்குப் பெரிதாய்ப் பயப்பட வேண்டாம்.

தாள் கையில் இருந்தும் கேட்காவிட்டால்

ஃப்ரீ டீ4 குறைந்து டீ.எஸ்.எச். கூடியிருந்தால் எந்த டொக்டரும் தட்டிக்கழிக்க மாட்டார். கஷ்டம் நடுவில் நிற்பவர்களுக்குத்தான். டீ.எஸ்.எச். 4க்கும் 10க்கும் இடையில், ஃப்ரீ டீ4 சரியாக. இங்கே "இப்போது மருந்து வேண்டாம், பிறகு பார்ப்போம்" என்று டொக்டர் சொன்னால் அது தட்டிக்கழிப்பு ஆகாது, அதுதான் முறை. "எத்தனை மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டு நாளைக் கொப்பியில் எழுதுவியுங்கள். திகதி இல்லாத "பிறகு பார்ப்போம்" மட்டும்தான் தட்டிக்கழிப்பு. 10க்கு மேல் போய் அப்படியே நின்றால் பொதுவாய் மருந்து தொடங்குவார்கள்.

இரண்டு இலக்கமும் சரியாய் வந்துவிட்டால்? என்னோடு படிப்பிக்கிற ஒரு ரீச்சருக்கு அப்படித்தான் வந்தது. அவ அழுதுவிட்டா. "அப்ப எனக்கு ஒன்றுமில்லை என்றுதான் எல்லாரும் சொல்லப் போறாங்க" என்றா. நான் அவவைக் குடும்ப டொக்டரிடம் கூட்டிப்போனேன். இரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.2, இரத்தம் நல்லாய்க் குறைவு. மாதவிடாய் அவ்வளவு போய்க்கொண்டிருந்தது, அதற்குக் காரணம் கர்ப்பப்பையில் ஒரு கட்டி. தைரொயிட் இல்லை என்பதால் வருத்தம் இல்லை என்று ஆகாது. இரத்தம், சீனி, விற்றமின் பீ12, நித்திரை, மனச்சோர்வு என்று கேள்வி தொடர வேண்டும். மனச்சோர்வு என்று சொன்னால் அவமானமாய் எடுக்காதீர்கள், அதுவும் வைத்தியம் உள்ள வருத்தம்தான். தைரொயிட் இல்லை என்று தெரிந்த பிறகும் தைரொயிட்டையே பிடித்துக்கொண்டு ஆய்வுகூடம் ஆய்வுகூடமாய் அலைபவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த அலைச்சலில் உண்மையான வருத்தம் ஒளிந்துபோகும்.

காத்திருக்கக் கூடாதவை

மேலே சொன்ன ஒப்பீடெல்லாம் மெதுவாய் வரும் சோர்வுக்குத்தான். கழுத்தில் கட்டி வேகமாய் வளர்ந்தால், விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமானால், எந்த வாசல் என்று யோசிக்காமல் பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள். நெஞ்சு விடாமல் ஓடுவது, காய்ச்சல், பேச்சுத் தடுமாற்றம் எல்லாம் சேர்ந்து வந்தால், அல்லது ஏற்கெனவே தைரொயிட் சோர்வு உள்ளவர் மந்தித்து, உடம்பு குளிர்ந்து, எழுப்ப எழும்பாமல் கிடந்தால் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் காசு கேட்காது. தைரொயிட் கூடியதற்குக் கார்பிமசோல் போடுகிறவர்களுக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தால் குளிசையை நிறுத்தி அன்றே இரத்தம் பார்க்க வேண்டும். இதைக் குளிசை தரும்போதே சொல்ல வேண்டும்; எல்லாரும் சொல்வதில்லை.

எந்த வழியை யார் எடுப்பது

ஆய்வுகூடச் செலவைத் தாங்கக்கூடியவர் என்றால் என் சொல் இதுதான்: முதலில் டீ.எஸ்.எச்., அந்தத் தாளோடு குடும்ப டொக்டர் அல்லது ஒரே ஒரு சனல், அங்கிருந்து கடிதத்தோடு அரச கிளினிக். அந்தக் காசு இப்போது இல்லை என்றால், அரைத்தாள் எழுதிக்கொண்டு வேறொரு ஓ.பி.டி. வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து துறை கடந்து வருகிறவர்கள் ஓ.பி.டி.யையும் இரத்தம் கொடுப்பதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள், ரிப்போர்ட் எடுக்க ஊரிலிருந்து வருகிற யாரிடமாவது துண்டைக் கொடுத்துவிடலாம். ஓ.பி.டி.யில் தனியே பேசத் தயங்குகிறவர்கள் ஒரு ஆளைக் கூட்டிப் போங்கள். நான் நான்காம் தரம் போனபோது என் தங்கச்சி பக்கத்தில் நின்று, "டொக்டர், இவ இப்படி இருந்த ஆள் இல்லை" என்றாள். அந்த ஒரு வசனத்துக்குப் பிறகுதான் அவர் பேனையை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

குளிசை தொடங்கியவர்களுக்கு ஒன்று. தைரொக்சினை விடிய எழும்பின கையோடு வெறும் தண்ணீரில் போட்டு, அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள். எங்கள் வீடுகளில் கண் முழித்ததும் பால் தேத்தண்ணி. அதோடு போட்டால் குளிசை உடம்பில் சேராது. நான் முதல் நான்கு மாதம் அப்படித்தான் போட்டேன், டீ.எஸ்.எச். இறங்கவே இல்லை. இரும்பு, கல்சியம் குளிசைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நோன்பு பிடிக்கிறவர்கள் இரவில் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். கிளினிக்கில் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். இரத்தம் கொடுக்கிற நாளில் குளிசையை இரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள்.

பிள்ளை தங்கியிருக்கிறது என்று தெரிந்தவர்களும், பிள்ளைக்கு யோசிக்கிறவர்களும் இந்த ஒப்பீட்டில் ஒன்றுக்கும் காத்திருக்க வேண்டாம். முதல் மாதங்களில் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளை வளர்வது தாயின் ஹோர்மோனில்தான். ஏற்கெனவே தைரொக்சின் போடுகிறவர்களுக்கு அளவைக் கூட்ட வேண்டி வரும். அதனால் குளிசையை நிறுத்தாமல், நாள் தள்ளிப்போன அந்த வாரத்திலேயே மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லிப் பதியுங்கள். முன்பு தைரொயிட் இருந்தது, அல்லது அம்மாவுக்கு இருக்கிறது என்று முதல் கிளினிக்கிலேயே சொல்லி, டீ.எஸ்.எச்.சை வாய் திறந்து கேளுங்கள்.